ரெஸின் வார்ப்பு மாதிரிக் கார்கள்: வர்ணம் பூசுமுன் மேற்பரப்பைச் சீராக்கும் முறை

மோட்டார் வண்டிகளின் சிறு மாதிரிகள் விளையாட்டுப் பொருள்களாக மட்டுமன்றி, அளவு விகிதத்தையும் வார்ப்புத் தொழிலின் அடிப்படைகளையும் மாணவர்க்கு விளக்கும் கருவிகளாகவும் பயன்படுகின்றன. ஆயிரக்கணக்கில் தேவைப்படும் மாதிரிகள் ஆலைகளில் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்படுகின்றன. சில பிரதிகளே வேண்டுமாயின், மூல மாதிரியின்மீது சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் ரெஸின் என்னும் செயற்கைப் பிசினை வார்ப்பது எளிய வழியாகும். ஆயினும் அச்சிலிருந்து வெளிவரும் வார்ப்பு குறையற்றதாக இருப்பது அரிது. ஊசித் துளைகள், குமிழிக் குழிகள், அச்சு இணைப்பின் வரம்புகள், நெளிவு, பிசுபிசுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படும். சிலிக்கோன் அச்சும் நெடுநாள் உழைப்பதன்று. சில பத்து வார்ப்புகளுக்குப் பின் அது கிழிந்துவிடும். ஆகவே குறையுள்ள வார்ப்பை எறிந்துவிடாமல் சீராக்கக் கற்பது பொருளையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும்.

குறைகள் சிறியவை, வர்ணம் அவற்றை மறைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஒரு சிறு கணக்கு அதன் தவற்றைக் காட்டும். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாஸடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். 1:43 என்னும் விகிதத்தில் அதன் மாதிரி 10 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். இம்மாதிரியில் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை, உண்மைக் காரில் 11 மில்லிமீட்டர் அகலமுள்ள பள்ளத்திற்கு ஒப்பாகும். தெளிப்பானால் பூசப்படும் வர்ணத்தின் ஒரு பூச்சோ ஏறத்தாழ 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனமே உடையது. அது பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தின் உருவையே பின்பற்றிப் படியும். பளபளப்பு ஏறிய பின் குறை முன்னிலும் தெளிவாகத் தோன்றும்.

குறைகள் தோன்றும் காரணங்கள்

மாதிரி வார்ப்புக்கு மிகுதியாகப் பயன்படுவது பாலியூரிதேன் ரெஸின். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த பொருள் வகையைச் சேர்ந்தது இது. பாலியால், ஐசோசயனேட் என்னும் இரு திரவங்களைக் கலந்தவுடன் அவை வினைபுரிந்து இறுகுகின்றன. ஐசோசயனேட் நீருடனும் வினைபுரியும் இயல்புடையது. அவ்வினையில் கரியமில வாயு வெளிப்படுகிறது. மெத்தைகளுக்குரிய நுரைப் பொருள் செய்வதில் இவ்வினை வேண்டுமென்றே பயன்படுத்தப்படுகிறது. மாதிரி வார்ப்பில் அதுவே கேடாகிறது. திறந்து வைத்த டப்பாவிற்குள் புகுந்த ஈரம், ஈரமான கலக்கும் குச்சி, நன்கு உலராத அச்சு ஆகியவை வார்ப்பின் உள்ளே குமிழிகளைத் தோற்றுவிக்கும். கலக்கும்போது சிக்கிக்கொள்ளும் காற்று மற்றொரு காரணம்.

இடத்தின் தட்பவெப்பம் இதில் பெரும் பங்கு கொள்ளுகிறது என்பதற்கு, பாலக்காட்டுக் கணவாயை அடுத்து நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்று விளங்கும் முதலமடை நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். அம்மாதங்களில் ரெஸின் குமிழியிடுவது எதிர்பார்க்க வேண்டியதே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டுச் சமவெளியின் உஷ்ணநிலை 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. இரசாயன வினைகள் பல, உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும். எனவே 25 டிகிரியில் ஐந்து நிமிடம் இளகியிருக்கும் ரெஸின், கோடையில் இரண்டு நிமிடத்திற்குள்ளாகவே இறுகக்கூடும். காற்றுக் குமிழிகள் மேலெழுந்து வெளியேற நேரமிராது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். அது வார்ப்புக்கு ஏற்ற காலம். ஆயின் காற்று புழுதியைக் கிளப்புவதால் வர்ணம் பூசும் இடத்தை மூடி வைத்தல் வேண்டும்.

தொழிற்கூடங்களில் வார்ப்பை அழுத்தக் கலத்தில் வைத்து இறுக விடுவர். நான்கு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், பாயில் விதிப்படி, குமிழியின் கொள்ளளவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். விட்டமோ 63 விழுக்காடு அளவிற்கே சுருங்கும். இதற்குத் தக்கவாறு செய்யப்பட்ட கலமே ஏற்றது. சமையல் குக்கரையோ வேறு பாத்திரத்தையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. அது வெடிக்கும் ஆபத்துண்டு.

கழுவுதலும் கண்டறிதலும்

முதல் வேலை கழுவுதலே. அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவப்பட்ட சிலிக்கோன் எண்ணெய் வார்ப்பின்மீது மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அதன்மீது பூசிய வர்ணம் ஒருபடித்தாகப் பரவாமல் விலகி, மீன்கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, மென்மையான பல் துலக்கும் பிரஷ் ஆகியவை போதும். கழுவுமுன் தேய்க்கலாகாது, தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் புகுந்து தங்கும்.

கழுவிய பின் நுண்ணிய தாளால் இலேசாகத் தேய்த்து, மீண்டும் நீரில் அலசிச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும். நீர் ஒரே படலமாக வழிந்தால் மேற்பரப்பு தூய்மையாயிற்று எனக் கொள்ளலாம். தாமரை இலைமேல் நீர்போல் துளிகளாகப் பிரிந்து நின்றால் எண்ணெய் இன்னும் எஞ்சியுள்ளது. எவ்விதக் கருவியும் வேண்டாத இப்பரிசோதனை, பரப்பு இழுவிசையை வகுப்பில் விளக்குவதற்கும் ஏற்றது.

உலர்ந்த வார்ப்பை இருண்ட அறையில் வைத்து, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக வீச வேண்டும். நேரொளியில் புலப்படாத பள்ளமும் மேடும் அப்போது நிழலால் வெளிப்படும். ஒவ்வொரு குறையையும் பென்சிலால் குறித்துக்கொள்வது நன்று.

குறைக்கேற்ற பரிகாரம்

பிசுபிசுப்பு: இரு பாகங்களும் சரியான அளவில் கலக்கப்படாத இடம் இறுகாமல் நிற்கும். இதன்மீது எதைப் பூசினாலும் நிலைக்காது. அப்பகுதியைச் சுரண்டி நீக்கி, உறுதியான பரப்பு வெளிப்பட்ட பின்னரே நிரப்புதல் வேண்டும். எப்பாக்ஸி ரெஸினில் ஈரக்காலத்தில் தோன்றும் மெழுகு போன்ற படலம் வேறு வகையைச் சேர்ந்தது. இறுக்கும் திரவத்திலுள்ள அமீன், காற்றிலுள்ள ஈரத்துடனும் கரியமில வாயுவுடனும் சேர்வதால் அது உண்டாகிறது. நீரால் கழுவினால் நீங்கும்.

நெளிவு: மெல்லிய கதவுத் தூண்களும் கூரையும் வளைந்திருப்பின், வார்ப்பை வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகியதும் நேராக்கி, அந்நிலையிலேயே குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். கொதிநீர் தேவையில்லை. இவ்வேலையை நிரப்புதலுக்கு முன்னரே செய்தல் வேண்டும். பின்னர்ச் செய்தால் நிரப்பிய பட்டி வெடிக்கும்.

இணைப்பு வரம்பு: அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் தோன்றும் வரம்பைக் கத்தியின் விளிம்பால் சுரண்டி, பின்னர்த் தேய்க்கலாம். கதவு இடைவெளிகளையும் சன்னல் விளிம்புகளையும் மழுக்கிவிடாதபடி, தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றிப் பயன்படுத்துவது நலம்.

துளைகள்: பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். ஊசித் துளையின் வாய் சிறிதாயினும் அதன் அடியில் பெரிய குமிழி இருக்கக்கூடும். மேலே பட்டியைத் தடவினால் வாய் மட்டுமே மூடும். காற்று உள்ளே அடைபடும். வெயிலில் வைக்கப்பட்ட மாதிரியில் அக்காற்று விரிந்து, மெல்லிய மூடியைத் தூக்கி உடைத்துவிடும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் துளைக்கருவியால் துளையை அகலப்படுத்தி, குமிழியின் அடிவரை திறந்து, தூசியை நீக்கிய பிறகே நிரப்ப வேண்டும்.

நிரப்பும் பொருள்கள்

கார் பட்டறைகளில் பட்டி பார்ப்பதற்குப் பயன்படும் இருபாகப் பாலியெஸ்டர் பட்டி ஆழமான குழிகளுக்கு ஏற்றது. பிசினால் ஆன கார் உடல் மாதிரிகளுக்கு மட்டும் உரியதன்று: பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982-ல் வெளியிட்ட டால்பின் காரின் உடல், கண்ணாடி இழையால் வலுவூட்டிய பிசினாலேயே செய்யப்பட்டது. ஆதலின் பட்டறையின் அனுபவம் மாதிரிக்கும் பொருந்தும். இறுக்கும் பசை பொதுவாக நூறு பங்குப் பட்டிக்கு இரண்டு பங்கு அளவில் சேர்க்கப்படும். டப்பாவில் குறித்துள்ள அளவே முடிவானது. விரைவில் இறுகட்டும் என்று கூடுதலாகச் சேர்த்தால், எஞ்சிய பெராக்ஸைடு பின்னர் வர்ணத்தினூடே கசிந்து கறையை உண்டாக்கும்.

குழாயில் வரும் ஒருபாகப் பட்டி, அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் இறுகுகிறது. அவ்வளவிற்குச் சுருங்கவும் செய்கிறது. ஆகையால் அது நுண்கீறல்களுக்கு மட்டுமே தகும். மிகச் சிறிய துளைகளில் உடனொட்டும் சயனோஅக்ரிலேட் பசையை ஒரு துளி இட்டுச் சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் இறுகும். ஆனால் நேரம் செல்லச் செல்ல அது சுற்றியுள்ள ரெஸினைவிடக் கடினமாகிவிடும். மறுநாள் தேய்த்தால் சுற்றுப்புறம் தேய்ந்து, நிரப்பிய இடம் மேடாக நிற்கும். எனவே இறுகியவுடனேயே தேய்த்துவிடல் வேண்டும்.

தேய்த்தலும் முதற்பூச்சும்

நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில் 240 எண்ணில் தொடங்கி, 400, 600, 800 என முறையே செல்ல வேண்டும். 240 எண் தாளின் மணல் ஏறத்தாழ 58 மைக்ரானும், 400 எண் தாளின் மணல் 35 மைக்ரானும், 800 எண் தாளின் மணல் 22 மைக்ரானும் பருமன் உடையவை. இடைப்பட்ட எண்ணைத் தாண்டிச் சென்றால் பெருங்கீறல்கள் எஞ்சி, 25 மைக்ரான் வர்ணத்தினூடே தெரியும்.

அடுத்துச் சாம்பல் நிறப் பிரைமரை மெல்லியதாகப் பூசுதல் வேண்டும். பட்டி ஒரு நிறமும் ரெஸின் ஒரு நிறமுமாக உள்ளவரை கண் ஏமாறும். ஒரே நிறமானதும் எஞ்சிய குறைகள் தாமே வெளிப்படும். அதன்மீது கருநிற வர்ணத்தைத் தூவல்போல் தெளித்து, உலர்ந்த பின் நுண்தாளால் தேய்த்தால், மேடான இடங்களில் கருமை அகன்று பள்ளங்களில் மட்டும் தங்கும். அப்பள்ளங்களை மீண்டும் நிரப்பித் தேய்த்து, கருமை எங்கும் எஞ்சாத நிலை வந்த பிறகே இறுதி வர்ணத்திற்குச் செல்லலாம்.

பாதுகாப்பும் பள்ளிப் பயிற்சியும்

ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவர்க்குப் பின்னர் மிகச் சிறிய அளவும் தீங்கு விளைவிக்கும். ஆகவே திரவ ரெஸினைக் கலத்தலும் வார்த்தலும் மாணவர் செய்யத்தக்க வேலைகளல்ல. முழுவதும் இறுகிய வார்ப்பைச் சீராக்கும் வேலையில் மட்டுமே அவர்களை ஈடுபடுத்தலாம். அதனையும் நீரில் நனைத்தே செய்வித்தால் தூசி பறக்காது. பட்டியின் இறுக்கும் பசை கண்ணுக்குப் பெருங்கேடு விளைப்பதாதலால், அதைக் கலப்பதும் பிரைமர் தெளிப்பதும் ஆசிரியரின் பொறுப்பாக, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பிற்கு அப்பால், தக்க முகக்கவசத்துடன் நடைபெற வேண்டும்.

வார்ப்பையே கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்குப் பாரிஸ் சாந்து உதவும். காற்றுக் குமிழி, இணைப்பு வரம்பு ஆகிய குறைகள் அதிலும் தோன்றும். நிரப்புதலும் தேய்த்தலும் அதிலும் பழகலாம். கேரளப் பள்ளிகளின் பணி அனுபவ மேளாக்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்வோர்க்கு இது பொருந்தும். முதலமடை, பொள்ளாச்சிப் பகுதிப் பள்ளிகள், கோயம்புத்தூரில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடி கார் காட்சிச்சாலைக்கு மாணவரை அழைத்துச் சென்று, உண்மைக் கார்களின் உடலில் ஒளி எவ்வாறு முறியாமல் ஓடுகிறது என்பதைக் காட்டலாம். மாதிரியில் அடைய வேண்டிய நிலை எது என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

சுருங்கக் கூறின், குறை எதனால் உண்டாயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்ணெயால் வந்ததைக் கழுவியும், இறுகாததைச் சுரண்டியும், காற்றால் வந்ததைத் திறந்து நிரப்பியும் நீக்க வேண்டும். இம்மூன்றும் முடிந்த பின் பூசப்படும் வர்ணம் மெல்லியதாயினும் நெடுநாள் நிலைக்கும்.