பெங்களூர் கல்லூரிக்கு வரும் மாணவர்களே, எந்த 'சிம்' நல்லது?

(நமது நிருபர்)

கல்லூரி திறக்கும் காலம் வந்துவிட்டால் பெங்களூர் சிட்டி ரெயில் நிலையத்தில் தமிழ்ப் பேச்சு அதிகமாகக் கேட்கும். தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரசிலும், காவிரி எக்ஸ்பிரசிலும் பெட்டி படுக்கையோடு மாணவர்கள் வந்து இறங்குவார்கள். கூட வரும் பெற்றோர் பஸ் வழியை விசாரித்த கையோடு, "இங்கே எந்த சிம் சார் நல்லா எடுக்கும்?" என்று கேட்பது வழக்கம்.

கேள்வி சிறியதுதான். ஆனால் வங்கிக் கணக்கு, ஆதார், கல்விக் கடன் எல்லாம் இன்று அந்தப் பத்து இலக்க எண்ணை நம்பியே இருக்கின்றன. அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டும்.

பழைய எண்ணே போதும்

வெளிமாநிலம் வந்துவிட்டதால் எண்ணை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. ஊரில் வாங்கிய சிம் இங்கேயும் வேலை செய்யும். சிக்னல் சரியில்லை என்றால் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றலாம். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த இந்த வசதி, 2015 ஜூலை முதல் மாநிலம் விட்டு மாநிலத்துக்கும் உண்டு. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது 4 நாட்கள் செல்லும். ஒரு கம்பெனியில் 90 நாட்கள் இருந்த பிறகே மாற முடியும். ஆகவே முதல் தேர்விலேயே கவனம் தேவை.

அறைக்குள் பாருங்கள்

ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என நான்கு கம்பெனிகள் உள்ளன. எது சிறந்தது என்று விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லூரி வாசலில் நன்றாக எடுக்கும் போன், விடுதியின் தரைத்தள அறையில் ஊமையாகிவிடும். அதே மாடியில் இருக்கும் சீனியர் மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் போனை வாங்கி அறையிலும், சாப்பாட்டுக் கூடத்திலும், நூலகத்திலும் பேசிப் பாருங்கள். விடுதியில் வை-பை இருந்தால் தினசரி டேட்டா அதிகமுள்ள திட்டத்துக்குப் பணம் கொட்ட வேண்டாம். மீதமாகும் தினசரி டேட்டா நள்ளிரவோடு போய்விடும்.

மாதம் 28 நாளா?

பல திட்டங்களுக்கு ஆயுள் 28 நாட்கள்தான். வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 300 ரூபாய் என்றால், தந்தை 3,600 என்று கணக்குப் போடுவார். செலவு 3,900 ஆகும். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம், ஒரு வருடத் திட்டங்களையும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

யார் பெயரில் சிம்?

18 வயது ஆகாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். அதனால் பலரிடம் இருப்பது தந்தை பெயரில் உள்ள சிம். நெல்லையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் மெஜஸ்டிக் பஸ்சில் போனைப் பறிகொடுத்தார். தந்தை ஊரில் மாற்று சிம் வாங்கித் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்ப 4 நாள் ஆயிற்று. அதற்குள் விடுதிக் கட்டணம் கட்டும் கடைசி நாள் போய்விட்டது. வங்கியில் பணம் இருந்தும், ஓ.டி.பி. வர வழியில்லை! 18 வயது நிரம்பியதும் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.

குடை போட்டு விற்கும் இடத்தில் கைரேகையை இரண்டாவது முறை வைக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இன்னொரு சிம் கிளம்பிவிடக்கூடும். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பிள்ளையை விடுதியில் விட்டு ரெயில் ஏறுமுன், அறைக்குள்ளிருந்து வீட்டுக்கு ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். குரல் தெளிவாகக் கேட்டால் அந்த சிம்மே போதும்.