பழைய சோலார் பேனல் வாங்கும்போது பில்லையும் கேளுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஒரு போனுக்கு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் ஓடும் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் 100 வாட் பேனல் ஒன்றும் நல்ல பேட்டரி ஒன்றும் இருந்தால் ஒரு தெருவே பேசிக்கொள்ளலாம். காயலான் கடைக்கு வரும் பழைய பேனலே இதற்குப் போதும். ஆனால் அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

கடைக்காரர் மீட்டரை வைத்து, "பாருங்கண்ணே, 21 வோல்ட் காட்டுது" என்பார். அந்தக் கணக்கை நம்பி வாங்கக் கூடாது. வலுவிழந்த பேனலும் மங்கலான வெயிலில்கூட ஏறக்குறைய முழு வோல்ட்டைக் காட்டிவிடும். உண்மையைச் சொல்வது ஆம்பியர்தான். உச்சி வெயிலில் பேனலைச் சூரியனை நோக்கிச் சாய்த்து, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனைகளிலும் வைக்க வேண்டும். புதிய 100 வாட் பேனலில் ஐந்தரை முதல் ஆறு ஆம்பியர் வரும். பழசில் நான்குக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடுவதே நல்லது. ஒயரை எடுக்கும் முன் பேனலைத் துணியால் மூடினால் தீப்பொறி பறக்காது. அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிட வேண்டும். மறந்துபோய் அதே மீட்டரைப் பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்தான்.

கண்ணாடி விரிசல் விட்ட பேனல் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே ஈரம் இறங்கினால் அலுமினியச் சட்டம் வரை கரன்ட் கசியலாம். பின்பக்கத் தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள்; வெள்ளைப் பொடி ஒட்டினாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதன் ஆயுள் முடிகிறது என்று பொருள். ஆனால் 21 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பாதி மட்டும் வருகிறதென்றால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பின்னால் உள்ள கறுப்புப் பெட்டிக்குள் டயோடு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். சில ரூபாய்ச் சாமான் அது. மாற்றினால் பேனல் பிழைத்துவிடும்.

பேனலைவிடப் பேட்டரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 12 வோல்ட் கையில் ஷாக் அடிக்காது. ஆனால் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயர் எரியும். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருப்பது கட்டாயம். யூபிஎஸ்ஸில் இருக்கும் 7 ஏஎச் பேட்டரி சார்ஜ் ஏறும்போது சுமார் 2 ஆம்பியர் வரைதான் தாங்கும். 100 வாட் பேனலுக்கு 40 ஏஎச்சாவது வேண்டும். அதில் பாதியைச் செலவழித்தாலே பத்து போன்களுக்குக் குறையாமல் சார்ஜ் ஏறும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் இணைக்கவே கூடாது. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல்; கழற்றும்போது தலைகீழ் வரிசை. சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும், அதனால் படுக்கையறையில் வைக்கக் கூடாது. வீட்டு ஈபி லைனோடு இதை இணைப்பதும் வேண்டாம்: கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிர் போகலாம்.

கடைக்காரரிடம் பில் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் என்று விற்பவர் சொன்னதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேச்சு மாறினால் 1915க்கு அழைக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. தள்ளுவண்டியில் விளக்கெரிக்க வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு, சுயதொழில் பிழைப்புக்கு வாங்குவதைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை.

பில்லுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தெருவிளக்கிலும் வயல் பம்பிலும் திருடிய பேனல்களும் சந்தைக்கு வருகின்றன. ஸ்டிக்கர் கிழித்த, சீரியல் எண் சுரண்டிய பேனலைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம்.

உழைத்து முடித்த பேனலைக் குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது; அதன் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடங்கும் என்பதால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய பேட்டரியை, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.