எஞ்சிய கோப்புகள்

புது நெல்லைக் குதிரில் கொட்டுவதற்கு முன் உழவன் அதனைத் துடைத்துத் தூய்மை செய்கிறான். அடியில் தங்கிய பழைய நெல்லில் வண்டு இருப்பின், அது புது நெல்லையும் கெடுத்துவிடும் என்பதை அவன் அறிவான். கணினியில் மென்பொருளைப் புதுப்பிப்போரும் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது.

மென்பொருள் என்பது பல கோப்புகள் அடங்கிய ஒரு தொகுப்பு. அக்கோப்புகளுள் ஒரு வகை அமைப்புக் கோப்பு எனப்படும். மென்பொருள் எவ்வாறு இயங்குதல் வேண்டும் என்று கணினிக்கு உரியவர் வகுத்த விதிகள் அதில் இருக்கும். 1993ஆம் ஆண்டில் இயான் மர்டாக் என்பவர் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளம், இவ்வகைக் கோப்புகளை எளிதில் அழிப்பதில்லை. ஒரு தொகுப்பை நீக்குமாறு ‘ரிமூவ்’ என்று கட்டளையிட்டால், ஏனைய கோப்புகள் நீங்கும். அமைப்புக் கோப்புகள் எஞ்சி நிற்கும். ‘பர்ஜ்’ என்று கட்டளையிட்டாலே அவையும் நீங்கும். புதுப்பிக்கும்போது, உரியவர் திருத்திய கோப்பும் புதிதாய் வந்த கோப்பும் முரண்படின், எது வேண்டும் என்று டெபியன் வினவும். அவர் வேண்டாதொழித்ததையும் வேறு பெயரிட்டுக் காத்து வைக்கும். ஒருவர் உழைத்து அமைத்தது வீணாகக் கூடாது என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வெச்சங்கள் பெருகுகின்றன. ஏறத்தாழ ஒரே பெயருடைய கோப்புகள் பல அருகருகே கிடப்பின், நடைமுறையில் உள்ளது எது என்னும் மயக்கம் உண்டாகும். கெர்னல் எனப்படும் உட்கருவின் பழைய படிகள் சிறியதொரு வட்டுப் பகுதியை நிரப்பிவிடின், புதுப்பிக்கும் பணி இடமின்றி இடையிலே நின்றுவிடும். பாதி பழமையும் பாதி புதுமையுமாய் நிற்கும் கணினி எதற்கும் பயன்படாது போதலும் கூடும்.

எச்சம் விளைக்கும் கேடு எத்துணைப் பெரிதாகலாம் என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. அங்குப் பங்கு வாணிகம் செய்துவந்த நைட் கேப்பிட்டல் என்னும் நிறுவனம், 2012ஆம் ஆண்டில் தன் எட்டுக் கணினிகளில் புதிய நிரலை ஏற்ற முற்பட்டது. ஏழு கணினிகளில் அது செவ்வனே ஏறியது. ஒன்று மட்டும் விடுபட்டது. 2003ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட பழைய நிரற்பகுதி ஒன்று அதில் நீக்கப்படாமல் கிடந்தது. அப்பழைய பகுதியை இயக்கி வந்த குறியே புதிய நிரலுக்கும் பயன்படுத்தப்பட்டிருந்தது. ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் சந்தை திறந்ததும், அக்குறி உறங்கிய நிரலை எழுப்பிவிட்டது. வாடிக்கையாளர் தந்த ஆணைகள் 212 மட்டுமே. அவற்றை நிறைவேற்றப் புகுந்த கணினி, ஏறக்குறைய 45 நிமிடங்களில் 40 இலட்சத்திற்கு மேற்பட்ட வாணிகங்களைச் செய்து முடித்தது. நிறுவனம் இழந்த தொகை 46 கோடி டாலருக்கும் மிகுதி.

ஆகவே, புதுப்பிக்கத் தொடங்குமுன் செய்யத்தக்கவை சில உள. முதலில், இன்றியமையாத கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அடுத்து, எஞ்சிய கோப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எதற்கு உரியது என ஆராய்தல் வேண்டும். பயனற்றவை எனத் தெளிந்தவற்றை மட்டுமே நீக்குதல் வேண்டும். இப்போது இயங்கும் உட்கருவை நீக்குதல் கூடாது. பின்னர், வட்டில் போதிய இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டு புதுப்பித்தலைத் தொடங்கலாம்.

ஆராயாமல் அழிப்பவன் விதைநெல்லையும் குப்பையோடு கொட்டிவிடுவான். அழிக்க அஞ்சுபவன் வண்டையும் நெல்லோடு சேர்த்து வைப்பான். இரண்டினையும் பிரித்தறிந்து செயற்படுவதே அறிவுடைமை.