லொறியின் முன் ஸ்பிறிங்கை முறையாக இறுக்குவோம்

சில குடும்பங்கள் பணம் சேர்த்துப் பழைய லொறி ஒன்றை வாங்கினால் நெல்லும் வெங்காயமும் அதில் சந்தைக்குப் போகும். சில நாட்களில் ஆட்களும் அதிலேயே ஏறுவார்கள். குண்டும் குழியுமான கிரவல் வீதியில் அடிபடுவது முன் ஸ்பிறிங்தான். அங்கு ஏற்படும் இளக்கத்தை நேரத்தோடு கண்டு இறுக்குவது எப்படி என்று பார்ப்போம்.

முன் அச்சையும் ஸ்பிறிங் தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். தகடுகளின் நடுவே செல்லும் சென்ரர் போல்ட் அவற்றை நேராக வைத்திருக்க மட்டுமே உதவுகிறது. யூ போல்ட் இளகினால், பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அச்சு அசைந்து சென்ரர் போல்ட்டை வெட்டும். அது முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்து, ஸ்ரேரிங் இழுக்கும். பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது இப்படி நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

நட்டின் ஓரத்தில் செந்நிறத் துருத்தூள் வழிந்திருந்தால் அங்கு அசைவு உண்டு. சிறு சுத்தியலால் தட்டினால் இறுகிய போல்ட் கணீரென்னும். இளகியது மந்தமாக ஒலிக்கும்.

புரிகளைக் கம்பி பிறஸ்ஸினால் சுத்தம் செய்த பின் நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, மூன்று நான்கு தடவையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடித்தகடு சரிந்துவிடும். புரி தேய்ந்த யூ போல்ட்டை மாற்றுங்கள். சாதாரணக் கம்பியைச் சூடாக்கி வளைத்துப் போடுவதை நாம் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம்.

எவ்வளவு இறுக்குவது? ஸ்பனரில் நீளக் குழாய் கொழுவி இருவர் தொங்குவது நம்மவர் வழக்கம். அளவுக்கு மிஞ்சினால் போல்ட் இழுபட்டுப் பலம் கெடும். அந்த லொறிக்குரிய அளவு அதன் கைநூலில் இருக்கும். ரோர்க் ஸ்பனர் இல்லாவிட்டால் மூட்டை நிறுக்கும் விற்றராசு போதும். அளவு 20 கிலோகிராம் மீற்றர் என்றால், நட்டின் நடுவிலிருந்து 1 மீற்றர் தூரத்தில் தராசைக் கொழுவி, பிடிக்குச் செங்குத்தாக 20 கிலோ காட்டும் வரை இழுங்கள். தூரம் அரை மீற்றர் என்றால் 40 கிலோ. உலர்ந்த புரிக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய புரிக்குப் பாவித்தால் மிகையாக இறுகிவிடும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய நமக்கு இது பெரிய வித்தையல்ல.

ஸ்பிறிங் முனைகளில் றப்பர் புஷ் உள்ள லொறிகளில் பலர் தவறுகிறார்கள். லொறியை ஜக்கில் தூக்கி வைத்தபடி அந்த போல்ட்டுகளை முழுதாக இறுக்கக் கூடாது. அப்போது ஸ்பிறிங் தொங்கிய நிலையில் இருக்கும். கீழே இறக்கியதும் றப்பர் முறுகும், சில மாதங்களில் கிழியும். தூக்கிய நிலையில் கையளவு இறுக்கி, சக்கரங்கள் நிலத்தில் நின்று பாரம் இறங்கிய பின்னரே கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். கிறீஸ் அடிக்கும் உலோகப் புஷ் என்றால் ஷக்கிள் தாராளமாக அசைய இடம் விடவேண்டும்.

ஸ்ரேரிங் முட்டு மூட்டின் நட்டில் ஸ்பிளிற் பின் துளை நேராகாவிட்டால் சற்று மேலும் இறுக்குங்கள். பின்னுக்குத் தளர்த்த வேண்டாம். பழைய பின்னைத் திரும்பப் போடவும் வேண்டாம். லொறிக்கு அடியில் போகுமுன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜக்கை மட்டும் நம்பாது உறுதியான மரக்குற்றியில் பாரத்தை இருத்துங்கள். சீமெந்துக் கல் திடீரென வெடிக்கும்.

புதிய யூ போல்ட் முதற் பாரத்தில் சற்று இளகுவது இயல்பு. முதற் பயணம் முடிந்ததும், பின் ஏறத்தாழ 500 கிலோமீற்றரிலும் மீண்டும் இறுக்குங்கள். பிறகு நட்டிலிருந்து போல்ட் வரை வெள்ளைப் பெயின்ற் கோடு ஒன்று இழுத்துவிட்டால், அது விலகியிருப்பது காலையில் லொறியை எடுக்குமுன்பே கண்ணில் படும்.