துளைத்து அமிழ்தல் (கடலடி அடித்தளம்)

துளைத்து அமிழ்தல் என்பது, கடலில் நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடையின் கால், கடலடித் தரையின் உறுதியான மேலடுக்கை உடைத்துக்கொண்டு, கீழுள்ள மென்மையான மண்ணுக்குள் திடீரென இறங்கிவிடுவதாகும்.

மேடையின் அமைப்பு

ஜாக்-அப் மேடைகள் மிதந்தபடி இழுத்துச் செல்லப்படுகின்றன. உரிய இடத்தை அடைந்ததும் கால்களைக் கடலடிக்கு இறக்கி, மேடை நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தப்படும். பெரும்பாலானவற்றுக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் ஸ்பட்கேன் எனப்படும் அகன்ற எஃகுப் பாதம் உண்டு. அதன் விட்டம் 10 மீட்டருக்கும் மேல் இருக்கலாம். பணி தொடங்கும் முன், தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கால்கள்மீது கூடுதல் சுமை ஏற்றுவர். புயற்காலச் சுமையை மண் தாங்குமா என்று அறியும் சோதனை இது. துளைத்து அமிழ்தல் பெரும்பாலும் இந்நேரத்தில்தான் நிகழ்கிறது.

காரணம்

சீரான களிமண்ணில் ஆழம் கூடக்கூட மண்ணின் தடையும் கூடும். சுமைக்குத் தடை ஈடாகும் ஆழத்தில் பாதம் நின்றுவிடும். அடுக்கு மண்ணில் அப்படியல்ல.

களிமண்ணின் தாங்குதிறனைக் காண, அதன் வெட்டு வலிமையை மேற்பரப்பில் ஏறக்குறைய 6 ஆலும், ஆழத்தில் 9 ஆலும் பெருக்குவர். எடுத்துக்காட்டாக, மேலடுக்கின் வலிமை 100 கிலோபாஸ்கல் எனில், அது மிகத் தடிமனாக இருந்தால் 600 கிலோபாஸ்கல் வரை தாங்கும். கீழடுக்கின் வலிமை 20 கிலோபாஸ்கல் எனில், 180 மட்டுமே தாங்கும். மேலடுக்கு மெல்லியதாக இருந்தால் 600-ஐ எட்டும் முன்பே உடையும். உடைந்தபின் சுமை குறையாது. தடை மட்டும் குறையும். ஆகவே கால் விரைந்து இறங்கும். மேடை சாய்வதால் மற்றக் கால்களும் வளையக்கூடும்.

தென்கிழக்கு ஆசியாவின் சுண்டா கடற்திட்டில் இத்தகைய அடுக்குகள் காணப்படுகின்றன. கடந்த பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, அங்கு வெளித்தெரிந்த களிமண் உலர்ந்து இறுகியது.

முன்கணிப்பு

கூம்பு ஊடுருவல் சோதனையாலும் மண் மாதிரிகளாலும் ஒவ்வோர் அடுக்கின் தடிமனும் வலிமையும் அறியப்படுகின்றன. கால் இறங்கும் என எதிர்பார்க்கும் ஆழத்தோடு ஆய்வை நிறுத்தக் கூடாது. ஆபத்தான மென்மண் அதற்குக் கீழே இருக்கலாம். இத்தரவுகளைக் கொண்டு ஆழத்துக்கு ஏற்பத் தடை மாறுவதைக் காட்டும் வரைபடம் தயாரிக்கப்படும். அதில் தடை ஏறி, பின் இறங்கும் இடமே எச்சரிக்கை. மணலுக்குக் கீழே களிமண் இருந்தால், பாதம் தன்னோடு ஒரு மணற்கட்டியையும் கீழே தள்ளிச் செல்லும். கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

ஆபத்து தெரிந்தால் வேறிடம் தேர்வர். அல்லது ஒரு நேரத்தில் ஒரு காலுக்கு மட்டும் சுமை ஏற்றுவர். அப்போது மேடையை நீரைத் தொட்டபடியோ நீருக்குச் சற்று மேலோ வைப்பர். கால் அமிழ்ந்தாலும், நீரின் மிதப்பு விசை மேடை மேலும் சாயாமல் தாங்கும்.