ஓமந்தூரார்: இந்த ஊரின் மைந்தர், ஆதரவற்ற பிள்ளைகளின் தந்தை

ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் (1895–1970)

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த இந்த ஓமந்தூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். இளம் வயதிலேயே விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, தென்னார்க்காடு மாவட்டக் கிராமங்களில் காங்கிரஸ் தொண்டராக உழைத்தார்.

1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். முதலமைச்சர் பதவிக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. நாடு விடுதலை பெற்றபோது மாகாண ஆட்சி இவர் பொறுப்பில் இருந்தது.

இவர் ஆட்சிக் காலத்தில் நிறைவேறிய சட்டங்கள்:

• கோயில் நுழைவுச் சட்டம், 1947: ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாணமெங்கும் கோயில் கதவுகளைத் திறந்தது.
• தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1947: பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது.
• ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1948: ஜமீன் நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது.

பதவியை விட்டபின் இவர் சென்றது வள்ளலாரின் வடலூருக்கு. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்கச் செய்தார். எளிய கதராடையும் சிக்கனமான வாழ்வும் இறுதிவரை மாறவில்லை.

சென்னையில் இவர் பெயர் தாங்கிய ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இன்று அரசு பன்னோக்கு மருத்துவமனை இயங்குகிறது. ஆட்சியில் இருந்த இரண்டு ஆண்டுகளை வரலாறு குறித்து வைத்தது. அதன் முன்னும் பின்னும் நீண்ட தொண்டை, இவரால் வாழ்வு பெற்றவர்கள் நன்றியோடு நினைக்கிறார்கள்.