ஊசி சொன்னதும் திரை சொல்வதும்

ஹாம் ரேடியோக்காரர்கள் லீனியர் என்று அழைக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு வேலை ஒன்றுதான். டிரான்ஸீவரிலிருந்து வரும் சிறிய சிக்னலை வாங்கி, அதன் வடிவம் கெடாமல் ஆயிரம் வாட் அளவுக்குப் பெரிதாக்கி, ஆன்டெனாவுக்கு அனுப்ப வேண்டும். அறுபது ஆண்டுகளாக இந்த வேலை மாறவில்லை. பெட்டியின் முன்னால் உட்காருகிறவரின் வேலைதான் அடியோடு மாறிவிட்டது.

1970களின் லீனியர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஹீத்கிட் எஸ்.பி.-220. அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து உதிரிப் பாகங்களாக வரும். வாங்கியவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து தானே கட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே 3-500இசட் என்ற கண்ணாடி வால்வுகள் இரண்டு, அவற்றின் பிளேட்டில் ஏறக்குறைய 3000 வோல்ட். 40 மீட்டர் பேண்டிலிருந்து 20 மீட்டருக்குப் போக, பேண்ட் சுவிட்சைத் திருப்பினால் மட்டும் போதாது. டிரான்ஸீவரிலிருந்து வரும் டிரைவைக் குறைத்து வைத்துக்கொண்டு, டியூன் குமிழைத் திருப்பி, பிளேட் கரண்ட் ஊசி சட்டென்று இறங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். லோடு குமிழைக் கொஞ்சம் திருப்பினால் கரண்ட் ஏறும்; மறுபடி டியூனைத் தொட்டு இறக்க வேண்டும். பிறகு டிரைவைக் கூட்டி இதையே திரும்பச் செய்து, வெளியே போகும் பவர் உச்சம் தொடும் இடத்தில் கையை எடுக்க வேண்டும். பழகியவர்கள் சில விநாடிகளில் முடித்துவிடுவார்கள். டியூன் தவறி நிற்கும்போது ஆன்டெனாவுக்குப் போகாத பவர் வால்வுக்குள்ளேயே சூடாகத் தங்கும் என்பதால், முடித்தே ஆக வேண்டும்.

அந்தச் சூட்டைக் கண்ணால் பார்க்க முடிந்ததுதான் அன்றைய பெரிய வசதி. 3-500இசட் வால்வின் பிளேட் 500 வாட் வெப்பத்தைத் தாங்கும். அந்த அளவை நெருங்கும்போது கொல்லன் உலையில் கிடக்கும் இரும்பைப் போலச் செம்மஞ்சளாக ஒளிரும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அது அப்படி வேலை செய்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நிறம் அதைத் தாண்டி வெளுக்க ஆரம்பித்தால்தான் கையை எடுக்க வேண்டும். இரண்டு வால்வுகளில் ஒன்று மட்டும் அதிகமாகச் சிவந்தால், மற்றது வலுவிழந்து, சுமை முழுவதும் இதன் தலையில் விழுகிறது என்று அர்த்தம். மூக்குக்கும் காதுக்கும்கூட வேலை இருந்தது. வார்னிஷ் கருகும் வாசம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிப்பார்கள். படபடவென்று பொறி வெடித்தால் டியூனிங் கெபாசிட்டரின் தகடுகளுக்கிடையே ஆர்க் தாவுகிறது.

எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது பிளேட் கரண்ட், கிரிட் கரண்ட் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் படித்த அந்தப் பழக்கம். கிரிட் கரண்ட் அளவுக்கு மேல் ஏறியும் பிளேட் கரண்ட் குறைவாகவே நின்றால் லோடு போதவில்லை. அப்படியே பேசினால் பேச்சு சிதறிப் பக்கத்து அலைவரிசையில் இருப்பவரின் காதைக் கெடுக்கும். பிளேட் கரண்ட் உயர்ந்து கிரிட் கரண்ட் கீழே கிடந்தால் லோடு அதிகம். இரண்டும் வழக்கமான இடத்தை விட்டு விலகி நின்றால், நேற்று வரை சரியாக இருந்த ஆன்டெனாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை பேண்ட் மாற்றும்போதும் இந்தப் பாடத்தை ஆபரேட்டர் கையாலேயே படித்தார். பெட்டிக்குள் அலாரம் என்று தனியாக எதுவும் பெரும்பாலும் கிடையாது. ஃபியூஸ் போகும், சர்க்யூட் பிரேக்கர் விழும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் 3000 வோல்ட்டை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர்கள் எரிந்துபோயிருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மூடியைத் திறந்ததும் உயர் மின்னழுத்தத்தைத் தரையோடு இணைக்கும் சுவிட்ச் சில பெட்டிகளில் இருந்தது. அதையும் நம்பாமல் மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்து, இன்சுலேட் செய்த கம்பால் ஷார்ட் செய்து, ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறு கையால் வேலை செய்தவர்கள்தான் பிழைத்தார்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. கண்ணாடிக்குப் பதில் பீங்கானும் உலோகமும் சேர்ந்த வால்வுகள் வந்தன. 8877 அவற்றில் பேர்போனது. அது பவரை அள்ளிக் கொடுத்தது, ஆனால் உள்ளே என்ன நிறம் என்று பார்க்க வழியில்லை. அதன் கிரிட்டோ மிக மென்மையானது, அளவு மீறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே கிரிட் கரண்ட் எல்லை தாண்டியதும் தானே வெட்டிவிடும் சர்க்யூட் அவசியமாயிற்று. ஹீட்டர் சூடாகும் 3 நிமிடங்களுக்கு யாரும் அவசரப்பட்டு அனுப்பிவிடாமல் தடுக்கும் டைமரும் வந்தது. ஆபரேட்டரின் கண் பார்க்க முடியாத இடத்தில்தான் அலாரம் முதலில் குடியேறியது என்று நினைக்கிறேன். பின்னர் ஆல்ஃபா 87ஏ போன்ற பெட்டிகளில் டியூனையும் லோடையும் மோட்டாரே திருப்பியது. கைக்கும் வேலை போயிற்று.

இன்றைய புதிய லீனியர்கள் பலவற்றில் வால்வே இல்லை. எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர், சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம். அந்த ஒன்றே ஆயிரம் வாட்டுக்கு மேல் தரும். 3000 வோல்ட் போய் 50 வோல்ட் வந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கரண்ட் பெருகியது. 65 சதவீதத் திறனில் 1000 வாட் எடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 31 ஆம்பியர் ஓட வேண்டும். 540 வாட் வெப்பம் அந்தச் சின்னத் துண்டிலிருந்து செம்புத் தகட்டுக்கு இறங்க வேண்டும். டியூன் குமிழ் இல்லை, லோடு குமிழ் இல்லை. பெட்டியே அலைவரிசையை அளந்து, உரிய ஃபில்டரை ரிலேயால் இணைத்துக்கொள்கிறது.

கண்ணாடி வால்வு தவறுகளைச் சில விநாடிகள் பொறுத்துக்கொண்டது. பிளேட் கனமான உலோகம் அல்லது கிராஃபைட். சிவக்க நேரம் எடுக்கும், ஆறவும் எடுக்கும். சிலிக்கானுக்கு அந்தப் பொறுமை இல்லை. மனிதக் கை சுவிட்சை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் மைக்ரோபிராசஸர் டிரெய்ன் கரண்டையும் வோல்ட்டேஜையும், திரும்பி வரும் பவரையும், உள்ளே வரும் டிரைவையும், வெப்பத்தையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்லை தாண்டினால் மில்லி விநாடிகளில் வெட்டிவிட்டுத் திரையில் ஒரு சொல்லைக் காட்டுகிறது. திரும்பி வரும் அலையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 65:1 வரை போனாலும் தாங்கும் என்று டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டில் எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் அது மிகக் குறுகிய துடிப்புகளில் சோதித்த கணக்கு. நீண்ட நேரம் அனுப்பும் நிலையத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகத்தில் பெட்டி ஜெயித்துவிட்டது. காரணம் கண்டுபிடிப்பது மட்டும் இன்னும் மனிதரிடமே இருக்கிறது. திரை காட்டும் சொல் நோயின் அறிகுறி மட்டுமே. அதை ரீசெட் செய்து மறுபடி அனுப்பி, மறுபடி வெட்டுப்பட்டு, மறுபடி ரீசெட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சிலிக்கான் எல்லைக்கோட்டைத் தொட்டுத் திரும்புகிறது.

அதிகம் வரும் அலாரம் எஸ்.டபிள்யூ.ஆர். தான். அனுப்பிய பவரில் ஒரு பகுதி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது. 2:1 என்றால் 11 சதவீதம், 3:1 என்றால் 25 சதவீதம். 1000 வாட்டில் 250 வாட் வீடு திரும்புகிறது. காரணம் அற்பமாகவும் இருக்கலாம்: ஆன்டெனா சுவிட்ச் வேறு இடத்தில் நிற்கலாம். கனெக்டருக்குள் உப்புக் காற்று அரித்திருக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை முதலில் சந்தேகிப்பது நல்லது. மழை ஓய்ந்ததும் வந்து வெயிலில் மறையும் அலாரம் என்றால் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. குறைந்த பவரில் சரியாக இருந்து, பவரைக் கூட்டும்போது மட்டும் வந்தால், ஆன்டெனாவின் பேலனிலோ டிராப்பிலோ சூடேறியோ ஆர்க் தாவியோ ஏதோ நடக்கிறது.

இதில் ஒரு பொல்லாத ஏமாற்று உண்டு. தண்ணீர் குடித்த கோ-ஆக்ஸ் கேபிள் பவரைத் தின்றுவிடுவதால், திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்ந்துபோகிறது. கேபிளில் 3 டெசிபல் இழப்பு இருந்தால், மறுமுனையில் ஆன்டெனாவே அறுந்து விழுந்திருந்தாலும் பெட்டிக்கு 3:1 தான் தெரியும். கேபிள் இன்னும் கெட்டால் எண் இன்னும் அழகாகும், அலாரமும் ஓய்ந்துவிடும். பழுது மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும்.

டிரைவ் அதிகம் என்று வரும் அலாரத்துக்குக் குற்றவாளி பெரும்பாலும் லீனியர் அல்ல. டிரான்சிஸ்டருக்குச் சில வாட் போதும். டிரான்ஸீவரை 30 வாட்டில் வைத்திருந்தாலும், சில மாடல்கள் முதல் அசையில் முழு பவரையும் ஒரு கணம் கக்கிவிடும். பார்க்க வேண்டியது அந்த ரேடியோவை. ஃபில்டர் பொருந்தவில்லை என்று வந்தால் பேண்ட் தகவல் தரும் கேபிளைப் பார்க்க வேண்டும். வெப்ப அலாரத்துக்குத் தூசி அடைத்த ஃபேன் காரணமாக இருக்கலாம். அனுப்பும் முறை மாறியதும் காரணமாக இருக்கலாம். பேச்சில் பவர் ஏறி இறங்கும், நடுநடுவே ஓய்வு கிடைக்கும். 2017-இல் வந்த எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 13 விநாடிகள் இடைவிடாத முழு பவர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் அதை உருவாக்கியது மெலிந்த சிக்னலையும் படிப்பதற்காக. அதற்கு ஆயிரம் வாட் கொடுத்துப் பெட்டியை வாட்டுவது தேவையற்றது. பவரைப் பாதியாகக் குறைத்தால் அலாரம் போய்விடும்.

அன்றைய ஆபரேட்டர் தினமும் ஊசிகளைப் பார்த்ததால் நல்ல நாளின் அளவு அவர் மனத்தில் இருந்தது. இன்று அதை எழுதி வைத்தாக வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொரு பேண்டிலும் போகும் பவர், திரும்பும் பவர், கரண்ட், வெப்பம் நான்கையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அலாரம் வரும் நாளில் அந்தப் பக்கம்தான் முதலில் திறக்க வேண்டியது.

அடுத்துத் தேவைப்படுவது அன்றும் இன்றும் கொஞ்சமும் மாறாத ஒரு பொருள், டம்மி லோடு. ஹீத்கிட் அதைப் பெயின்ட் டப்பா போன்ற ஒரு டின்னில், எண்ணெயில் மூழ்கிய 50 ஓம் ரெசிஸ்டராக விற்றது. ஆன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் இதை நல்ல குட்டை கேபிளால் மாட்டி, குறைந்த பவரில் அனுப்பிப் பாருங்கள். அலாரம் அப்போதும் வந்தால் கோளாறு பெட்டிக்குள்ளோ, அதற்கு முன்னால் இருக்கும் டிரான்ஸீவரிலோ. வராவிட்டால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டியதுதான். எஸ்.டபிள்யூ.ஆர். அலாரத்தில் பெரும்பாலும் மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டியிருக்கும்.